லியான் ஃபிளைஷர்: வலது கை மடங்கிய பிறகு

அமெரிக்க பியானோ கலைஞர் லியான் ஃபிளைஷர் முப்பது ஆண்டுகள் இடது கையால் மட்டுமே வாசித்தார், பிறகு ஊசி போட்டுக் குணமாகி இரண்டு கைகளாலும் வாசிக்கத் தொடங்கினார் என்று படித்ததாகவும், அது உண்மையா, இடைப்பட்ட காலத்தில் அவர் என்ன செய்தார் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதல் பகுதி உண்மை. இரண்டு கைகளோடு அவர் மேடைக்குத் திரும்பியதும் உண்மை. ஆனால் அவர் குணமாகவில்லை. 2020 ஆகஸ்ட் 2 அன்று பால்டிமோரில் 92 வயதில் இறக்கும்வரை அந்த நோய் அவருடைய வலது கையில் இருந்தது. இந்தத் திருத்தம் முக்கியமானது என்று நினைக்கிறேன். வீழ்ச்சி, காத்திருப்பு, அற்புதம் என்று மூன்று கட்டங்களாக இந்தக் கதையைச் சொல்லும்போது நடுவிலுள்ள முப்பது ஆண்டுகள் வெறும் காத்திருப்பாகச் சுருங்கிவிடுகின்றன. என் பார்வையில் அந்த முப்பது ஆண்டுகள்தான் அவருடைய வாழ்க்கையின் நடுத்தண்டு. அதைச் சொல்ல, கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும்.

ஃபிளைஷர் 1928 ஜூலை 23 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். பெற்றோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள். அப்பா தொப்பி செய்து விற்பவர். வீட்டுக்கு வந்த பியானோ வாத்தியார் உண்மையில் அண்ணனுக்காக வந்தவர். பாடம் முடிந்ததும் அண்ணன் விளையாட ஓடிவிடுவான். ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நான்கு வயதுத் தம்பி பியானோவில் ஏறி அதே பாடத்தை வாசித்துக் காட்டுவான். வாத்தியாரின் மாணவன் மாறிப்போனான். அம்மாவுக்குப் பெரிய கனவு இருந்தது: மகன் அமெரிக்காவின் முதல் யூத ஜனாதிபதியாக வேண்டும், இல்லையென்றால் பெரிய பியானோ கலைஞராக வேண்டும். வேறு எதற்கும் அந்த வீட்டில் இடமில்லை.

அடுத்து நடந்தது, அவர் வாழ்க்கை முழுவதையும் தீர்மானித்தது. அன்று பீத்தோவன் வாசிப்பில் மிகப் பெரிய பெயர் ஆர்தர் ஷ்னாபெல். பீத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களையும் (பல பகுதிகள் கொண்ட தனி வாசிப்புப் படைப்புகள்) முதன்முதலாக முழுமையாக ஒலிப்பதிவு செய்தவர் அவர்தான். குழந்தை மேதைகள் என்றாலே அவருக்கு ஒவ்வாது. சிறுவர்களை மாணவர்களாக ஏற்பதில்லை என்று உறுதியாக இருந்தார். சான் பிரான்சிஸ்கோ சிம்பொனி இசைக்குழுவை நடத்தியிருந்த ஆல்ஃபிரட் ஹெர்ட்ஸ் ஒரு தந்திரம் செய்தார். ஷ்னாபெலைத் தன் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார்; அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் சிறுவனைப் பின்வழியாக வீட்டுக்குள் கொண்டுவந்து பியானோ முன் உட்கார வைத்துவிட்டார். கதவு திறந்தபோது ஷ்னாபெலால் தப்பிக்க முடியவில்லை. சிறுவன் லிஸ்டை வாசித்தான், பீத்தோவனை வாசித்தான். கேட்டு முடித்தவர் ஒரே ஒரு நிபந்தனையோடு அவனை ஏற்றுக்கொண்டார்: தன்னிடம் கற்கும் காலத்தில் கச்சேரி கூடாது.

1938இல் ஒன்பது வயதுப் பையன் அம்மாவுடன் இத்தாலி போனான். கோமோ ஏரிக்கரையில் இருக்கிறது டிரெமெட்சோ என்ற ஊர். ஷ்னாபெல் கோடையில் அங்கேதான் பாடம் நடத்துவார். நம் ஊரில் குரு பரம்பரை சொல்வதுபோல இவருக்கும் ஒன்று உண்டு. ஷ்னாபெல் கற்றது லெஷெடிட்ஸ்கியிடம். லெஷெடிட்ஸ்கி செர்னியின் மாணவர். செர்னி பீத்தோவனிடம் நேரடியாகக் கற்றவர். ஃபிளைஷர் அந்த வரிசையில் ஐந்தாவது. பாடம் நடக்கும்போது மற்ற மாணவர்களும் அதே அறையில் இருந்து கேட்பார்கள். ஒருவருக்குச் சொல்லும் திருத்தம் எல்லோருக்கும் போய்ச் சேரும். அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் போர் மூண்டது. ஷ்னாபெல் நியூயார்க்கில் குடியேற, ஃபிளைஷர் குடும்பமும் பின்னாலேயே போனது. மொத்தம் பத்து ஆண்டுகள் அந்தப் பாடம் தொடர்ந்தது.

ஷ்னாபெல் சிறுவனாக இருந்தபோது லெஷெடிட்ஸ்கி அவரிடம் சொன்னதாக ஒரு வாக்கியம் உண்டு: நீ ஒருபோதும் பியானோ வாசிப்பவனாக ஆகமாட்டாய், நீ இசைக்கலைஞன். விரல் வித்தையை நம்பிப் பிழைக்கும் ஆளில்லை நீ என்பது அதன் பொருள். ஷ்னாபெல் இந்த வேறுபாட்டைத் தன் மாணவர்களுக்கும் கைமாற்றினார். அவருடைய வகுப்பில் விரல் பயிற்சியைப் பற்றிய பேச்சு குறைவு; ஒரு சொற்றொடர் எங்கே போகிறது, எங்கே மூச்சு விடுகிறது, இந்த இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே என்ன நடக்கிறது என்பதே பேச்சு. பையனுக்கு அப்போது அது ஒரு பாடம் மட்டுமே. பிழைப்பதற்கு அது ஒன்றே மிஞ்சும் நாள் பிறகு வந்தது.

1944 நவம்பரில், பதினாறு வயதில், நியூயார்க்கின் கார்னெகி ஹாலில் நியூயார்க் ஃபில்ஹார்மானிக்குடன் பிராம்ஸின் முதலாவது பியானோ கான்செர்டோவை (தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) வாசித்தார். ஐம்பது நிமிடத்துக்கு அருகில் நீளும் பாரமான படைப்பு அது. பதினாறு வயதில் பெரும்பாலானோர் தொடத் தயங்குவது. நடத்தியவர் பியேர் மாந்தே. இந்த நூற்றாண்டின் பியானோ கண்டுபிடிப்பு என்று இவரைப் பாராட்டியவர். ஆனால் இளம் மேதைக்கு வயது ஏறும்போது மேதைமை மட்டும் போதாது. பத்தொன்பது வயதில் ஷ்னாபெல் அவரைத் தனியாகப் போகச் சொல்லிவிட்டார். வாய்ப்புகள் வறண்டன. பாரிஸில் போய் இருந்தார். 1952இல் பெல்ஜியத்தின் எலிசபெத் ராணி பெயரில் பிரஸ்ஸல்ஸில் நடக்கும் போட்டியில் கலந்துகொண்டு முதல் பரிசு பெற்றார். இறுதிச் சுற்றுக்கு வருபவர்களைச் சில நாட்கள் வெளியுலகத் தொடர்பில்லாமல் தங்கவைத்து, யாரும் அதுவரை கேட்டிராத புதிய கான்செர்டோ ஒன்றைத் தாங்களாகவே கற்கவைப்பது அந்தப் போட்டியின் பெயர்பெற்ற வழக்கம். மற்றவர் வாசித்ததைக் கேட்டுப் பின்பற்ற அங்கே வழியில்லை. ஐரோப்பாவின் பெரிய போட்டி ஒன்றில் அமெரிக்கர் ஒருவர் வென்றது அன்று பெரும் செய்தி. கச்சேரி அழைப்புகள் குவிந்தன.

பிறகு வந்த பன்னிரண்டு ஆண்டுகளை அவருடைய முதல் வாழ்க்கை எனலாம். கிளீவ்லாந்து ஆர்கெஸ்ட்ராவின் இசை நடத்துநர் ஜார்ஜ் செல் புடாபெஸ்டில் பிறந்தவர். இசைக்குழுவை ஓர் இழை பிசகவிடாமல் பிடித்து வைத்திருந்தவர். அவரோடு வேலை செய்தவர்கள் அவரை மதித்தார்கள், அதைவிட அதிகமாகப் பயந்தார்கள். அவருக்கு ஃபிளைஷரைப் பிடித்துப்போனது. 1956 முதல் 1962 வரை இருவரும் சேர்ந்து செய்த ஒலிப்பதிவுகள் இன்றும் விற்பனையில் இருக்கின்றன: பீத்தோவனின் ஐந்து கான்செர்டோக்கள், பிராம்ஸின் இரண்டு, ஷூமன், கிரீக், மோட்சார்ட். பீத்தோவனின் நான்காவது கான்செர்டோவில், ஆர்கெஸ்ட்ரா மௌனமாக இருக்க, பியானோ தனியாகத் தொடங்கும் முதல் ஐந்து தாள அலகுகளை மட்டும் எடுத்துக் கேளுங்கள். அழுத்திக் காட்டும் ஆசை ஓரிடத்திலும் இல்லை, ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் அடுத்ததை நோக்கி நகர்கிறது. ஷ்னாபெல் பாடம் என்றால் இதுதான்.

1964இல் வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்பக்கமாக மடங்கத் தொடங்கின. வலி இருந்த காலத்திலும் அவர் சாதகத்தை நிறுத்தவில்லை. கை தளர்கிறது என்று தோன்றியபோதெல்லாம் இன்னும் கூடுதலாக உழைத்தார். அந்தத் தலைமுறைக் கலைஞர்களுக்குச் சொல்லித்தரப்பட்டது அதுதான், விடாமல் உழைத்தால் சரியாகிவிடும் என்று. இங்கே உழைப்பே நோயைத் தீவிரப்படுத்தியது. ஓர் ஆண்டுக்குள் அந்த இரண்டு விரல்களும் உள்ளங்கைக்குள் சுருண்டுவிட்டன. 1965 வசந்தத்தில் ஜார்ஜ் செல்லும் கிளீவ்லாந்து ஆர்கெஸ்ட்ராவும் சோவியத் யூனியனுக்கும் ஐரோப்பாவுக்கும் நீண்ட பயணம் போகவிருந்தார்கள். ஃபிளைஷர் அதில் தனி வாசிப்பாளர். புறப்படும் முன் அவருடைய வாசிப்பைக் கேட்ட செல், வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்போது ஃபிளைஷருக்கு வயது 36.

நோயின் பெயர் குவிய டிஸ்டோனியா. 1990களின் தொடக்கத்தில்தான் அவருக்கு இந்தப் பெயரே சொல்லப்பட்டது. இது தசையின் நோய் அல்ல, எலும்பின் நோயும் அல்ல. மூளையில் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. அங்கிருந்துதான் நகர்வதற்கான ஆணை புறப்படுகிறது, தொடு உணர்ச்சி வந்து சேருவதும் அங்கேதான். ஆண்டுக்கணக்கில் ஒரே வகையான நுண்ணிய அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் சிலருக்கு, ஈரத்தாளில் மை பரவுவதுபோல இந்த இடங்களின் எல்லைகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடுகின்றன. மூன்றாம் விரலுக்குப் போகும் ஆணை நான்காவதையும் ஐந்தாவதையும் சேர்த்து இழுக்கிறது. மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. பெரும்பாலும் வலி இருக்காது. பலருக்கு வாத்தியத்தைத் தொடும்போது மட்டுமே வரும். சட்டைப் பொத்தான் போடுவதில், சாவி திருப்புவதில் சிக்கல் இருக்காது. அதனால் மருத்துவர்களுக்கும் நீண்ட காலம் இது மனப்பிரச்சினையாகத் தோன்றியது. தொழில்முறை இசைக்கலைஞர்களில் நூற்றுக்கு ஒருவருக்காவது இது வருகிறது என்பது இன்றைய பொதுவான மதிப்பீடு. கிட்டார், வயலின், புல்லாங்குழல், ஊதுகுழல்களில் உதட்டுத் தசைகள் என எங்கும் வருகிறது. இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனின் வலது கை கெட்டுப்போனதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்று இன்று பல மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

1965இல் இது எதுவும் தெரியாது. அவர் வைத்தியம் தேடி அலைந்தார். நறுமண சிகிச்சையிலிருந்து ஜென் வரை எல்லாவற்றையும் முயன்றதாகப் பிறகு சொன்னார்; ஹிப்னாசிஸ், மருந்து, ஊசி எதுவும் பலிக்கவில்லை. திருமணம் முறிந்தது. முடி வளர்த்துக் குடுமி போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் சுற்றினார். உயிரை விட்டுவிடலாமா என்று யோசித்ததையும் அவர் மறைக்கவில்லை. இந்தப் பகுதியை வேகமாகக் கடந்து போகிறேன். அது சிறிய விஷயம் என்பதால் அல்ல, அவரே தன் நினைவுக்குறிப்புகளில் விரிவாகப் பேசியிருக்கிறார் என்பதால். இரண்டு ஆண்டு அளவுக்கு இது நீடித்தது. பிறகு ஒரு தெளிவு வந்ததாகச் சொன்னார்: தனக்கு உறவு இசையோடுதான், இரண்டு கைகளால் பியானோ வாசிப்பதோடு மட்டும் அல்ல. லெஷெடிட்ஸ்கி ஷ்னாபெலுக்குச் சொன்னது, பேரச் சிஷ்யனிடம் இப்படி வந்து சேர்ந்தது.

முதலில் இடது கை. ஒரு கைக்கு மட்டும் எழுதப்பட்ட பியானோ இசையில் பெரும்பகுதி இடது கைக்குத்தான் இருக்கிறது. அதற்கு இரண்டு காரணங்கள். விபத்தாலோ மிகையான சாதகத்தாலோ கெட்டுப்போவது பெரும்பாலும் வலது கை. இன்னொரு காரணம் உடலமைப்பு. இடது கையைப் பியானோவில் வைத்தால் பலம் மிகுந்த கட்டை விரல் மேல்பக்கம் வருகிறது. ராகத்தை அது பாடிவிடும். சுண்டு விரல் கீழே அடிநாதத்தைத் தட்டிவிட்டு வந்தால் போதும், பெடல் அந்த நாதத்தைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். கை அதற்குள் மேலே தாவி நடுப்பகுதியை வாசித்துவிடலாம். வலது கையில் இது தலைகீழ்: மேலே ராகம் பாட வேண்டிய இடத்தில் பலவீனமான சுண்டு விரல் நிற்கிறது. பாக்கின் ஒற்றை வயலினுக்கான சகோன் என்ற படைப்பை 1877இல் இடது கைக்கு மட்டும் மாற்றி எழுதிய பிராம்ஸ் அதைப் பியானோ கலைஞர் கிளாரா ஷூமனுக்கு அனுப்பினார். அது வந்த சமயத்தில் கிளாராவின் வலது கையில் சுளுக்கு. ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபினும் தன் வலது கையைக் கெடுத்துக்கொண்ட காலத்தில் இடது கைக்கு ஒரு பிரெலூடும் நாக்டர்னும் எழுதினார்.

பெரிய கொடை வேறொருவரிடமிருந்து வந்தது. வியன்னாவைச் சேர்ந்த பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைன், தத்துவ அறிஞர் லுட்விக்கின் அண்ணன், முதல் உலகப் போரின் தொடக்கத்திலேயே 1914இல் ரஷ்ய முனையில் காயம்பட்டு வலது கையை இழந்தார். போர்க் கைதியாக சைபீரியாவில் இருந்தபோதே ஒற்றைக் கையால் வாசிப்பது எப்படி என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார். குடும்பத்தில் பணம் கொட்டிக் கிடந்தது. அந்தக் காலத்தின் பெரிய இசையமைப்பாளர்களிடம் எல்லாம் போய்த் தனக்கு எழுதித்தரச் சொன்னார்: ராவெல், புரோகோஃபியேவ், ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், கோர்ன்கோல்ட், பெஞ்சமின் பிரிட்டன், ஹிண்டமித். வாங்கியதையெல்லாம் அவர் ரசிக்கவில்லை. ராவெல் எழுதிய கான்செர்டோவைத் தன் விருப்பத்துக்கு மாற்றி வாசித்ததால் ராவெலுக்குக் கடும் கோபம். புரோகோஃபியேவின் நான்காவது கான்செர்டோவை வாசிக்கவே இல்லை. 1956இல், இரண்டாம் உலகப் போரில் வலது கையை இழந்த இன்னொரு பியானோ கலைஞர் ஸீக்ஃப்ரீட் ராப்தான் அதை முதலில் மேடையேற்றினார். விட்கென்ஸ்டைன் விரும்பியோ விரும்பாமலோ சேர்த்துவைத்த இந்தச் சொத்து, அவர் இறந்த 1961க்குச் சில ஆண்டுகள் கழித்து ஃபிளைஷருக்கு வாழ்வாதாரமாகியது.

அவற்றில் தலையாயது ராவெலின் கான்செர்டோ. ஏறத்தாழ பதினெட்டு நிமிடம். ஆர்கெஸ்ட்ராவின் அடியாழத்தில், டபுள் பாஸ்களின் முணுமுணுப்புக்கு மேலே கான்ட்ரா பஸூன் என்ற தாழ்ந்த நாத ஊதுகருவி தொடங்குகிறது. அங்கிருந்து படிப்படியாக ஒலி எழுந்து உச்சத்துக்கு வந்த பிறகுதான் பியானோ நுழைகிறது. கண்ணை மூடிக் கேட்டால் ஒரு கைதான் வாசிக்கிறது என்று யாருக்கும் தோன்றாது. அப்படித் தோன்றக் கூடாது என்றுதான் ராவெல் எழுதினார். இதை ஃபிளைஷர் எத்தனையோ மேடைகளில் வாசித்தார். ஒரு சிறிய கையிருப்பையே வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவதில் உள்ள சலிப்பையும் அவர் உணர்ந்திருக்க வேண்டும். புதிய படைப்புகளைத் தொடர்ந்து எழுதச் செய்து வாங்கினார். லூகாஸ் ஃபாஸ், லியான் கிர்ச்னர் போன்றோர் அவருக்காக எழுதினார்கள். எனக்கு மிகவும் பிடித்தது வில்லியம் போல்காம் செய்தது. ஃபிளைஷரின் நெடுநாள் நண்பர் கேரி கிராஃப்மன் என்ற பியானோ கலைஞருக்கும் 1970களின் இறுதியில் வலது கை போய்விட்டது. இருவருக்கும் சேர்த்து போல்காம் ஒரு படைப்பு எழுதினார்: ஒருவர் ஓர் ஆர்கெஸ்ட்ராவோடு ஓர் இடது கை கான்செர்டோ வாசிப்பார், அடுத்தவர் வேறொரு ஆர்கெஸ்ட்ராவோடு இன்னொன்று வாசிப்பார், கடைசியில் இரண்டையும் ஒரே நேரத்தில் சேர்த்து வாசித்தால் மூன்றாவது கான்செர்டோ ஒன்று பிறக்கும். 1996இல் பால்டிமோரில் அது அரங்கேறியது.

இரண்டாவது, கற்பித்தல். பால்டிமோரின் பீபடி இசைக் கல்லூரியில் அவர் 1959இலேயே சேர்ந்திருந்தார். அதுவரை எல்லா வாசிப்பாளர்களையும்போலத்தான் கற்பித்தார்: மாணவரைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்து, இப்படி வாசி என்று வாசித்துக் காட்டுவது. கை போனபிறகு அது முடியவில்லை. தனக்கு என்ன வேண்டும் என்பதைச் சொற்களால் சொல்ல வேண்டியதாயிற்று. அதனால் தான் நல்ல ஆசிரியரானதாக அவர் பல முறை சொல்லியிருக்கிறார். வாசித்துக் காட்டினால் மாணவர் நகலெடுப்பார். சொன்னால் மாணவரே யோசித்துத் தன் ஒலியைத் தேடியாக வேண்டும்.

அவர் மாணவர்களுக்குச் சொன்ன ஒரு விஷயம், எந்த வாத்தியம் கற்பவருக்கும் உதவக்கூடியது. வாசிப்பவருக்குள் மூன்று பேர் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும் என்பார். முதலாமவர் ஸ்வரம் எழுவதற்கு முன்பே அதை மனத்தில் கேட்டுவிடுகிறார். என்ன வேண்டும் என்று தீர்மானிப்பவர் அவர். இரண்டாமவர் விரலை அழுத்தி வாசிப்பவர். மூன்றாமவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, வந்த ஒலி முதலாமவர் விரும்பியதுதானா என்று கேட்டு, இல்லையென்றால் இரண்டாமவருக்கு உடனே சொல்லுகிறார். சாதகம் என்ற பெயரில் பெரும்பாலானவர்கள் செய்வதில் இரண்டாமவர் மட்டுமே உழைக்கிறார். மற்ற இருவரும் தூங்குகிறார்கள். ஃபிளைஷரின் சொந்தக் கையைக் கெடுத்ததும் அப்படிப்பட்ட உழைப்புத்தான் என்பதால், இந்தப் பாடத்தை அவர் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினார் என்பது புரியும். மேடையில் புகழ்பெற்ற ஆந்த்ரே வாட்ஸ், யெஃபிம் பிரான்ஃப்மன், ஜானதன் பிஸ் எல்லோரும் அவரிடம் கற்றவர்கள். ஷ்னாபெல் செய்ததுபோலவே ஒரு மாணவருக்கான பாடத்தை மற்றவர்கள் உட்கார்ந்து கேட்கும் முறையை அவரும் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது, இசை நடத்துவது. 1960களின் இறுதியில் டினா காஸ்டனுடன் சேர்ந்து வாஷிங்டனில் தியேட்டர் சேம்பர் பிளேயர்ஸ் என்ற சிறு குழுவைத் தொடங்கினார். பழைய படைப்புகளோடு புத்தம் புதியவையும் அங்கே இடம்பெறும். அனாபொலிஸ் சிம்பொனியை நடத்தினார், பிறகு பால்டிமோர் சிம்பொனியில் இணை நடத்துநர். 1986 முதல் 1997 வரை, பாஸ்டன் சிம்பொனி கோடைகாலத்தில் நடத்தும் டாங்கில்வுட் இசை மையத்துக்குக் கலை இயக்குநராக இருந்தார். பியானோ கலைஞர்களில் பலர் வாழ்நாள் முழுவதும் தங்கள் வரியை மட்டுமே பார்த்துக்கொண்டு வாசித்துவிடுகிறார்கள். இவருக்கு முழு ஆர்கெஸ்ட்ராவின் ஏட்டையும் கையில் எடுக்க வேண்டியிருந்தது.

இடையில் ஒரு முறை திரும்பி வர முயன்றார். 1981இல் மணிக்கட்டில் அறுவை சிகிச்சை நடந்தது. கொஞ்சம் பலன் இருப்பதுபோலத் தெரிந்தது. 1982 செப்டம்பரில் பால்டிமோரில் மேயர்ஹாஃப் அரங்கம் திறக்கப்பட்டபோது இரண்டு கைகளோடு மேடையேறுகிறார் என்று பத்திரிகைகள் முழங்கின. தொலைக்காட்சியும் வந்தது. பீத்தோவனின் நான்காவது கான்செர்டோவை வாசிக்கத்தான் நினைத்திருந்தார். கை இடம் கொடுக்காததால் செசார் ஃபிராங்கின் சிம்பொனிக் வேரியேஷன்ஸ் என்ற சிறிய படைப்புக்கு மாறினார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. தான் குணமாகவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பாராட்டு ஏற ஏற, பொய் சொல்லிக்கொண்டிருப்பதாக உணர்ந்தார். அடுத்து ஒப்புக்கொண்டிருந்த இரண்டு கைக் கச்சேரிகளை விட்டுவிட்டு இடது கைக்கே திரும்பினார். அந்த அரங்கத்தில் அன்று கிடைத்த கைதட்டலை வைத்துக்கொண்டு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டியிருக்கலாம். அவர் செய்யவில்லை. அவர்மீது எனக்குள்ள மரியாதையில் பெரும்பங்கு இந்த ஒரு முடிவுக்கே போகிறது.

இனி, ஊசி. சுருக்கம் போக்க முகத்தில் போடுகிறார்களே, அதே போடாக்ஸ்தான். போட்டுலினம் நச்சு நரம்பிலிருந்து தசைக்குப் போகும் இரசாயனச் செய்தியைத் தடுக்கிறது. முன்கையில் விரல்களை மடக்கும் தசைகளில் மிகச் சிறிய அளவில் செலுத்தினால் அந்தத் தசைகள் சற்றுத் தளர்கின்றன. சுருண்ட விரல் விரிகிறது. அளவு கூடினால் விரலில் பலமே இருக்காது, குறைந்தால் பலனே இருக்காது. சில மாதங்களில் வேகம் தீர்ந்துவிடும், மறுபடி போட வேண்டும். மூளையில் இருக்கும் கோளாறை அது தொடுவதே இல்லை. 1990களின் நடுவில் அவருக்கு இந்த ஊசி பலனளித்தது. கூடவே ரோல்ஃபிங் என்ற ஆழமான தசை நீவல் சிகிச்சையையும் தொடர்ந்தார். தசைகள் இளகிய நிலையில்தான் ஊசி வேலை செய்தது என்று அவர் நம்பினார்.

1995இல் பழைய கிளீவ்லாந்து ஆர்கெஸ்ட்ராவோடு மோட்சார்ட்டின் ஏ மேஜர் கான்செர்டோ ஒன்றை இரண்டு கைகளாலும் வாசித்தார். மோட்சார்ட்டைத் தேர்ந்தெடுத்ததில் கணக்கு இருக்கிறது: பிராம்ஸ் கேட்கும் அகலமும் பலமும் அதற்குத் தேவையில்லை. 2003இல் கார்னெகி ஹாலில் தனிக் கச்சேரி. 2004இல் இரண்டு கைகள் என்ற பொருள் தரும் தலைப்பில் ஒரு இசைத்தட்டு. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டு கைகளால் அவர் வாசித்த முதல் தனி வாசிப்புப் பதிவு. பாக், ஸ்கார்லாட்டி, ஷோப்பான், டெபுஸி, முடிவில் ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டா. அதே ஆண்டு டிசம்பரில் பெர்லின் ஃபில்ஹார்மானிக்கோடு இன்னொரு நிகழ்ச்சி. ஹிண்டமித் 1923இல் விட்கென்ஸ்டைனுக்கு எழுதிக்கொடுத்து, பிடிக்காமல் அவர் பெட்டியில் பூட்டி வைத்துவிட்ட படைப்பு, அவருடைய மனைவியின் மறைவுக்குப் பிறகு கண்டெடுக்கப்பட்டது. எண்பது ஆண்டுகள் யாரும் கேட்டிராத அந்த இசையை, சைமன் ராட்டில் நடத்த, முதன்முதலாக ஒலிக்கச் செய்தவர் ஃபிளைஷர். வலது கை திரும்பிவிட்ட நேரத்திலும் இடது கை இசையை அவர் ஒதுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

திரும்பிய கையும் பழைய கையல்ல. எந்த விரல் எந்தக் கட்டையை அழுத்துவது என்பதை ஒவ்வொரு படைப்பிலும் புதிதாக அமைத்துக்கொண்டார். சில படைப்புகளை நிரந்தரமாக விட்டார். மூன்றாவது மனைவி கேதரின் ஜேக்கப்சனும் பியானோ கலைஞர்; இருவரும் ஒரே பியானோவில் நான்கு கைகளாக வாசிக்கும் கச்சேரிகள் பல செய்தார்கள். 2007இல் கென்னடி மைய விருது அறிவிக்கப்பட்டபோது, வெள்ளை மாளிகை விருந்துக்குப் போவதா என்ற மனப்போராட்டத்தை வாஷிங்டன் போஸ்டில் வெளிப்படையாக எழுதினார். ஈராக் போரை எதிர்த்தவர் அவர். கடைசிக்காலம் வரை மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கேட்கத் தொடங்க விரும்பினால், நான் சொல்லும் வரிசை இது. முதலில் ஜார்ஜ் செல்லோடு பதிவான பீத்தோவனின் நான்காவது கான்செர்டோ. அடுத்து நடத்துநர் செய்ஜி ஒஸாவாவும் பாஸ்டன் சிம்பொனியும் சேர்ந்த ராவெல் இடது கை கான்செர்டோ. அதே பதிவில் புரோகோஃபியேவின் நான்காவதும் பெஞ்சமின் பிரிட்டனின் டைவர்ஷன்ஸும் இருக்கின்றன. மூன்றாவதாக 2004 இசைத்தட்டின் ஷூபர்ட் சொனாட்டா. முப்பது வயதுக்காரரின் விரல் வேகத்தை அதில் தேடாதீர்கள். முதல் பகுதியில் மெதுவான ராகத்துக்கு அடியில், பியானோவின் கீழ்க்கோடியில் ஓர் அதிர்வொலி வந்து நிற்கும். அதற்குப் பின் அவர் விடும் இடைவெளியை 1960க்கு முந்தைய அவருடைய பதிவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் வாசித்த பிராம்ஸின் சகோனும் கிடைக்கிறது. பாக்கை முன்பே அறிந்தவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம்.